ரும்டெக் முற்றத்தில் காஞ்சி

திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தம்பி ஒருவர், குடும்பத்தோடு சிக்கிம் போய்த் திரும்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து செல்போனில் படங்களைக் காட்டினார். கரையெல்லாம் பனி மூடிய சோம்கோ ஏரி, யாக் மாட்டின் மேல் பிள்ளைகள், 14,000 அடிக்கு மேலே நாதுலா கணவாய், ராவங்லாவில் 130 அடி உயரப் புத்தர். கடைசியில், கேங்டாக் பக்கத்து ரும்டெக் திபெத்திய பௌத்த மடாலயத்தில் எடுத்த ஒரு வீடியோ. கருஞ்சிவப்பு அங்கி போட்ட இளம் பிக்குகள் சிலர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே நிற்பவர்கள் காலைத் தூக்கி மிதித்து, கையைப் பளாரென்று தட்டி எதையோ கேட்கிறார்கள்.

"என்னண்ணே இது, சாமியாருங்க சண்டை போட்டுக்கிறாங்க? கேக்கலாம்னு பாத்தா டிரைவர் கிளம்பு கிளம்புன்னுட்டாரு."

அது சண்டை இல்லை, பாடம். நிற்பவர் கேள்வி கேட்பவர், உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்பவர். ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் ஒரு கைதட்டு. பதில் சொல்பவர் இஷ்டத்துக்கு வளவளவென்று பேசிவிட முடியாது. 'ஒப்புக்கொள்கிறேன்', 'ஏன்?', 'நீ சொல்லும் காரணமே நிற்காது', 'காரணம் நின்றாலும் அதிலிருந்து இந்த முடிவு வராது'. கிட்டத்தட்ட இவ்வளவுதான் அவருக்கு அனுமதி. இந்த நான்குக்குள் நின்று ஒருவர் தன் கட்சியைக் காப்பாற்றுவதைப் பார்ப்பது பெரிய அனுபவம்.

காரணம் எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்று பௌத்தத் தருக்கத்துக்கு இலக்கணம் வகுத்தவர் திக்நாகர். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். அவர் பிறந்தது காஞ்சிபுரத்துக்கு அருகே என்கிறது திபெத்திய மரபு. அவருடைய முதன்மை நூலான பிரமாணசமுச்சயத்தின் சமஸ்கிருத மூலம் முழுதாகக் கைக்கு வரவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் அது முழுசாகப் பிழைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் கொண்ட தெங்யூர் என்னும் மொழிபெயர்ப்புத் திரட்டில் அதுவும் ஒன்று. நம் பக்கத்து ஊர்க்காரரின் படிப்பை பல நூற்றாண்டுகளாக மனப்பாடம் செய்து காத்தவர்கள் அந்த மலைக்காரர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகிறது.

நாளந்தாவுக்குத் தலைமை தாங்கிய தர்மபாலரும் காஞ்சியில் பிறந்தவரே. ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்த யுவான் சுவாங் அதை எழுதிவைத்திருக்கிறார். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாகவும் அவர் குறிப்பு. அந்தத் தம்பி வீடியோ எடுத்த ரும்டெக்கில் இருக்கும் கல்லூரியின் பெயரிலும் நாளந்தா இருக்கிறது.

தமிழிலும் இந்தத் தருக்கப் பாடம் உண்டு. மணிமேகலையின் 29ஆவது காதையில், அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்குச் சொல்லித்தருவது இதே தருக்கம்தான். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. வீட்டு அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். சிட்கோவின் புகைபோக்கியைக் காட்டி இதைச் சொன்னேன். தம்பிக்கு உடனே புரிந்தது. கல்லூரித் தமிழ் வகுப்பில் மணிமேகலையின் அமுதசுரபியோடு நிறுத்திவிடுகிறோம். 29ஆவது காதை கடினம் என்று தள்ளிவிடுகிறோம். ரும்டெக்கில் பதின்வயதுப் பையன்கள் அதே தருக்கத்தைக் கைதட்டிப் படிக்கிறார்கள்.

கேங்டாக்கில் டாக்சிக்காரர்கள் 'செவன் பாயிண்ட்', 'டென் பாயிண்ட்' என்று கணக்குப் போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு நாளில் பத்து இடம், இடத்துக்கு அரை மணி. அதில் ஒரு மடாலயம் படம் எடுக்கும் சுவராக மட்டுமே மிஞ்சும். இது சரியில்லை. கேங்டாக்குக்குப் போகிறவர்கள் நாலு 'பாயிண்ட்'டை விட்டுவிட்டு ரும்டெக்குக்கு அரை நாள் கொடுங்கள். நகரத்துக்குள்ளேயே நாம்கியால் திபெத்தியல் நிறுவனம் இருக்கிறது. 1958இல் நேரு திறந்துவைத்தது. அங்கேயுள்ள பழஞ்சுவடிகளையும் ஒரு முறை நின்று பாருங்கள்.

காஞ்சியில் பௌத்தத்தின் மிச்சம் என்ன என்று தம்பி கேட்டார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த ஆளுயரத்தை மிஞ்சும் புத்தர் சிலை இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அடுத்த ஞாயிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு. நீங்களும் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.