முப்பது மில்லிமீட்டர் பாவம்

ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள். மேஜை விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முன்பக்கமாகச் சாய்ந்து, உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தைக் கையில் இறக்குங்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறது? ஐந்து நிமிஷம்? பத்து?

நான் இப்படியே விடியற்காலையில் சென்னையில் கிளம்பி, இருட்டுகிற நேரத்துக்கு நயினார்கோவில் போய்ச் சேர்ந்தேன். வண்டி 'டூரிங்' மோட்டார் சைக்கிள். அதாவது நீண்ட பயணத்துக்கென்றே செய்ததாம். நாகநாத சுவாமி கோவில் பக்கம் வண்டியை நிறுத்தினால், சாவியைத் திருக முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் என்னுடையவையே இல்லை. மரத்துப் போய்த் தொங்குகின்றன.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். எழுபது வயசு. டி.வி.எஸ். எக்ஸெல்லில் முன்னால் ஒரு மிளகாய் மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வருகிற மாதிரி நிமிர்ந்து வருகிறார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, இம்புட்டு ரூவா குடுத்து வாங்கின வண்டியில, குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டா வர்றது?"

பதில் இல்லை என்னிடம். உங்களிடம் இருக்கிறதா?

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபோதே ஓசூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகு என்று ஒன்று உண்டு. அதற்கும் முன்னால், அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஹேண்டில்பார் நடுவில் ஒரு போல்ட். ஸ்பேனரால் நாலு திருகு திருகி, ஒரு தட்டுத் தட்டினால் உயர்த்தலாம், இறக்கலாம். அப்பா உயரத்துக்கு வைத்த சைக்கிளை மறுநாளே மகன் உயரத்துக்கு மாற்றலாம். காரில் சீட்டு நகர்கிறது. ஸ்டியரிங் ஏறி இறங்குகிறது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொள்கிற மோட்டார் சைக்கிளில் மட்டும், ஐந்தடி ரெண்டங்குலக்காரனும் ஆறடிக்காரனும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ள வேண்டும். அட்ஜஸ்ட் ஆக வேண்டியது வண்டியா, நாமா?

சரி, வைத்தியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் பெயர் ஹேண்டில்பார் ரைசர். அலுமினியத்தில் கடைந்த இரண்டு கட்டைகள், அதற்கு நீளமான போல்ட்டுகள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு அடியில் வைத்து முடுக்கினால் கம்பி முப்பது மில்லிமீட்டர் மேலே வரும். சில ரகம் கொஞ்சம் பின்னால், நம் பக்கமாகவும் கொண்டு வரும். முப்பது மில்லிமீட்டர் என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அந்த ஓரங்குலத்தில் முழங்கை மடிகிறது, தோள் இறங்குகிறது, உள்ளங்கை மேல் இருந்த பாரம் இடுப்புக்குப் போகிறது.

சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பையன் சொன்னான்: "சும்மா மாட்டிட்டு ஓட்டிப் போய்ட்டே இருங்கண்ணே. வேற ஒண்ணுமே மாத்த வேணாம்." இருபது நிமிஷத்தில் மாட்டியும் கொடுத்தான். 2,200 ரூபாய். அடுத்த பயணம் சொர்க்கம். வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன்.

நயினார்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால், தாண்டிப் போய்விட்டதாக நினைத்து வண்டியைத் திருப்பினேன். மிளகாய் சீசன். ராமநாதபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் பாதி ரோடு சிவப்பாக இருக்கும். குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் ஓர் அம்மா குனிந்து கையால் துழாவிக்கொண்டிருந்தார். நான் ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. இன்ஜின் தானாகவே உறுமியது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி மிளகாய்க்குள் ஏறியது. பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, நான் விழுந்து, வண்டி விழுந்து, அந்த அம்மா கைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பாத்து வரக்கூடாதாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நசுங்கிய மிளகாயைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன? பரமக்குடி மெக்கானிக் தம்பி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். வண்டியை ஐடிலில் விட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். இடது பக்கம் போனதும் இன்ஜின் சத்தம் ஏறியது. கம்பியை உயர்த்தினார்களே, ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் உயர்த்தினார்களா? பழைய நீளம்தான். திருப்பும்போது கேபிள் இழுபடுகிறது, நாம் முறுக்காமலே ஆக்ஸிலரேட்டர் திறக்கிறது. அது மட்டுமில்லை. "இதைப் பாருங்கண்ணே" என்று முன் பிரேக் ஹோஸைத் தொட்டுக் காட்டினார். கட்டிய கொடிக்கயிறு மாதிரி விறைத்து நிற்கிறது. தினம் தினம் அப்படி இழுபட்டு, ஒருநாள் பிடி விட்டால் எண்ணெய் போகும், முன் பிரேக் போகும். அதற்கப்புறம் ஏ.பி.எஸ். இருந்தென்ன, இல்லாமலென்ன?

நீளமான ஹோஸ், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். நான் பி.காம். படித்தவன். 2,200 ரூபாய் சாமானின் உண்மையான விலை 6,100 என்று எனக்குக் கணக்குப் போடத் தெரிகிறது. விற்ற கடை அந்தக் கணக்கை மறைத்துவிட்டது. அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பெரிய கோபம் அவன் மேல் இல்லை.

சட்டத்தைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் பாகம் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

நல்ல சட்டம்தான். காதைக் கிழிக்கிற சைலன்சர்காரனைப் பிடித்து உள்ளே போடட்டும், நான் மாலை போடுகிறேன். ஆனால் என் ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறேன்: இன்ஜின் நம்பர் இருக்கிறது, சேஸிஸ் நம்பர் இருக்கிறது, கலர் இருக்கிறது. ஹேண்டில்பார் உயரம் எந்த வரியில் இருக்கிறது? அதே 52-வது பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றுகிற அமைப்பு மாற்றத்தைத்தான் 'மாற்றம்' என்கிறது. ஓரங்குலம் அடிப்படை அம்சமா? ரோட்டில் நிறுத்துகிற அதிகாரி அன்றைக்கு என்ன நினைக்கிறாரோ அதுதான் பதில். வாரண்டியிலும் இதே கதை. "வெளிச் சாமான் போட்டீங்களா சார்?" என்று ஆரம்பிப்பார்கள்.

கம்பெனி உயரத்தைத் தராது. நாமே வைத்துக்கொண்டால் குற்றமாகலாம். அதனால் வாங்குகிறவன் திருட்டுத்தனமாக, கேபிள் நீளம்கூடப் பார்க்காத கடையில் போய் நிற்கிறான். மிளகாய்க்குள் ஏறுகிறான்.

இதே வாகன விதிகளில் 123-வது விதி இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், புடவை சிக்காமல் பின் சக்கரத்துக்குப் பாதி மறைப்பு. எவ்வளவு அக்கறையாக யோசித்து எழுதியிருக்கிறார்கள்! முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனின் மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

பி.எம்.டபிள்யூ. மாதிரி கம்பெனிகள் ஹேண்டில்பார் ரைசரைத் தாங்களே உபகரணமாக விற்கின்றன. ஆகாத காரியம் ஒன்றுமில்லை. வண்டி செய்கிற ஆலையும் ஒரகடத்தில், வண்டியைச் சோதிக்கிற மத்திய அரசு மையமும் ஒரகடத்தில். இரண்டு உயரம் போதும், மூன்று கூட வேண்டாம். அந்தந்த உயரத்துக்கான ஹோஸ், கேபிளோடு சோதித்து, அனுமதி வாங்கி, புது வண்டி எடுக்கும்போதே "உங்கள் உயரம் என்ன சார்?" என்று கேட்டு மாட்டித் தரட்டும். செருப்புக் கடையில் கேட்கிற கேள்வி. ஷோரூமில் ஹெல்மெட் விற்க, இன்ஷூரன்ஸ் விற்க, பாலிஷ் விற்க ஆள் இருக்கிறார்கள். இதைக் கேட்க ஆளில்லை.

அதுவரை, கை மரத்துப் போகிறவர்கள் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தன் பக்கம் சுழற்றி வைத்துப் பாருங்கள். காசு செலவில்லை. பாதிப் பேருக்கு அதுவே போதும். சிலருக்குக் கோளாறு ஹேண்டில்பாரிலேயே இல்லை, சீட்டில் இருக்கும். அதற்கும் அடங்காமல் ரைசர்தான் என்றால், மாட்டின இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லுங்கள். சத்தம் ஏறினால் பணம் கொடுக்காதீர்கள். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு நசுங்கிய மிளகாய்க்குக் காசு கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பொட்டலம் மிளகாயைத்தான் என் கையில் கொடுத்தனுப்பினார்.