தாழ்ச்சி யாருக்கு?

தவக்காலம் பிறந்தால் தாழ்ச்சியைப் பற்றி மறையுரை ஆற்ற நாம் தவறுவதில்லை. பிள்ளைகள் பெற்றோரின் கண்டிப்பை ஏற்க வேண்டும், மாணவர் ஆசிரியரின் திருத்தத்தை ஏற்க வேண்டும், பங்கு மக்கள் பங்குத்தந்தையின் அறிவுரையை ஏற்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் ஆற்றிய அம்மறையுரைகளை இன்று எண்ணிப் பார்க்கையில் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. அவற்றில் திருத்தம் பெற வேண்டியவர் எப்போதும் பீடத்துக்குக் கீழே அமர்ந்திருப்பவராகவே இருக்கிறார். பீடத்தில் நிற்பவரைத் திருத்தும் கடமை யாருக்கு உண்டு, அவர் அதை எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு ஞாயிறும் நாம் வாய் திறந்ததில்லை.

தாழ்ச்சி என்னும் புண்ணியத்தைக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். இது நற்செய்திக்கு முரணானது என்றே சொல்லத் துணிகிறோம். அதிகாரம் இல்லாத மனிதனை வீட்டாரும் ஊராரும் நாள்தோறும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். அதிகாரம் உள்ளவனோ, தானே முன்வந்து இடம் கொடுத்தாலன்றித் திருத்தம் பெற வழியில்லை. ஆகவே திருத்தத்தை ஏற்கும் தாழ்ச்சி முதலில் அவனுக்கே தேவை. குருக்களாகிய நமக்கே தேவை.

நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. "சாமியாரை எதிர்த்துப் பேசினால் குடும்பம் விளங்காது" என்பார்கள். கோவில் கணக்குக் கேட்டவரின் மகனுக்கு வேலை போயிற்று, கோவிலில் சண்டையிட்டவர் வீட்டு மாடு செத்தது என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. இவற்றைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். ஆனால், இவை பொய் என்று பீடத்தில் நின்று மறுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாயத்துக் கட்டுவதையும் மந்திரவாதியிடம் போவதையும் நாள் தவறாமல் கண்டிக்கும் நாம், இந்த மூடநம்பிக்கையை மட்டும் தொடாமல் விட்டுவைத்தோம். காரணம், இது நமக்குப் பயன்பட்டது. குரு திருப்பொழிவு பெறுவது ஆசி வழங்கவே அன்றிச் சாபம் இட அல்ல. நியாயமாகக் கேள்வி கேட்டவனின் பிள்ளையைத் தண்டிக்கிற கடவுள், இயேசு நமக்குக் காட்டிய தந்தை அல்ல.

இதை எழுதும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களாயின், நம் தவறிலிருந்தே வந்தது.

நாம் குருவாகிச் சில ஆண்டுகளே ஆன காலம். ஒரு பங்கில் கூலி வேலை செய்து வந்த ஏழை ஒருவர் இறந்துபோனார். உச்சி வெயில். கோவிலில் செபங்களைச் சுருக்கமாக முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு உபதேசியாரை அனுப்பிவிட்டு நாம் அறைக்குத் திரும்பிவிட்டோம். பத்து நாள் கழித்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் தாயார் காலமானார். அன்றும் வெயில்தான். நாம் நீண்ட மறையுரை ஆற்றி, கல்லறை வரை நடந்தே சென்று, கடைசிப் பிடி மண் விழும்வரை நின்றோம். அன்று மாலை, முப்பது ஆண்டுகளாக அப்பங்கில் பணியாற்றிய அந்த முதிய உபதேசியார் நம் அறை வாசலில் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு சொல்லலாமா? கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு பேரையும் ஒரே மண்ணுலதான் வெச்சோம். சாமிதான் ரெண்டு விதமா நடந்துட்டீங்க. சனங்க பேசிக்கிறாங்க."

நாம் என்ன மறுமொழி சொன்னோம் தெரியுமா? "உபதேசியாரே, உம்முடைய வேலையைப் பாரும்" என்றோம். அவர் தலை கவிழ்ந்து போய்விட்டார். நான்கு நாள்கள் அவரோடு நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நான்கு நாள்களும் திருப்பலி நிறைவேற்றினோம். பாவசங்கீர்த்தனம் கேட்டோம். பிறர் தம் குற்றங்களைத் தாழ்ச்சியோடு சொல்லச் சொல்ல, அவர்களுக்கு அறிவுரை கூறி அனுப்பினோம். ஐந்தாம் நாள் நம் வெட்கம் நம் கோபத்தை வென்றது. அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் வரவில்லை. அவரோ, "சாமி மனசுல வெச்சுக்காதீங்க" என்று நாம் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். இருவரும் அந்த ஏழையின் கல்லறைக்குச் சென்று செபித்தோம். அவருடைய மனைவி கண்ணீரோடு கும்பிட்டார். மகன் மட்டும் வேலியோரம் தள்ளியே நின்றான். அவன் அருகில் வரவில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

விவிலியம் இந்தக் காட்சியை இரண்டு அரசர்களின் வாழ்வில் வைத்துக் காட்டுகிறது. தாவீதைக் கண்டிக்க இறைவாக்கினர் நாத்தான் வந்தார். பிறன்மனை கவர்ந்து அவள் கணவனைக் கொல்வித்த அரசனிடம், அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேரே சொன்னார். தாவீது தம் பாவத்தை அங்கேயே ஒப்புக்கொண்டார். அதோடு முடியவில்லை. தாவீதின் முதுமையில், சாலமோனை அரியணை ஏற்றும் நாளில், அதே நாத்தான் அரண்மனையில் அரசரின் நம்பிக்கைக்குரியவராக நிற்பதைக் காண்கிறோம். தம்மைக் கண்டித்தவரைத் தாவீது தம் வாசலிலிருந்து விரட்டவில்லை.

மற்றவர் யூதாவின் அரசர் ஆசா. அவர் தீயவர் அல்லர். சிலைகளை அகற்றியவர், வழிபாட்டைச் சீர்செய்தவர். ஆனால் பகை நெருங்கியபோது ஆண்டவரின் இல்லத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அண்டை நாட்டு மன்னனின் துணையை விலைக்கு வாங்கினார். திருக்காட்சியாளர் அனானி அதைக் கண்டித்தார். ஆசா சினங்கொண்டு அவரைச் சிறையில் அடைத்தார். இதைக் குறிப்பேடு இரண்டாம் நூலின் பதினாறாம் அதிகாரத்தில் காணலாம். பல ஆண்டுகள் பக்தியோடு ஆண்டவர், ஒரு கண்டனத்தைத் தாங்க மாட்டாமல் தம் முடிவைக் கெடுத்துக்கொண்டார். கோவில் கட்டினோம், பள்ளி கட்டினோம், ஆகவே எம்மை யாரும் கேட்கலாகாது என்று எண்ணும் ஒவ்வொருவரும் ஆசாவின் வரலாற்றை முழந்தாளில் நின்று வாசிக்க வேண்டும்.

"அது பழைய ஏற்பாடு, திருச்சபையில் தலைவர்களைக் கேள்வி கேட்பது முறையன்று" என்பவர்களுக்கு அந்தியோக்கியாவை நினைவூட்டுகிறோம். பேதுரு அங்கே பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். இது வெறும் நாடகம், இருவரும் பேசி வைத்துக்கொண்டது என்று புனித எரோணிமுஸ் விளக்கம் தந்தார். புனித அகுஸ்தினார் அதை ஏற்கவில்லை. கடிந்துரைத்த பவுலின் துணிவைவிட, தமக்குப் பின் வந்தவரின் கடிந்துரையை ஏற்ற பேதுருவின் தாழ்ச்சியே அரியது என்று அவர் எரோணிமுசுக்கு எழுதினார். பேதுருவின் பெயரால் அமைந்த இரண்டாம் திருமுகத்தில் பவுல் அன்புச் சகோதரர் என்றே குறிக்கப்படுகிறார். அகுஸ்தினாரும் பிறருக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. எழுபது வயதைக் கடந்தபின், 426, 427ஆம் ஆண்டுகளில், தாம் எழுதிய 93 நூல்களை மீண்டும் படித்து, தம் பிழைகளைத் தாமே எடுத்துக்காட்டி ஒரு தனி நூல் எழுதி வைத்தார்.

அந்தியோக்கியாவில் பேதுரு பிழைத்தது எதில் என்பதையும் தமிழகக் கத்தோலிக்கர் கவனிக்க வேண்டும். பந்தியில் ஆளைப் பிரித்ததே அவர் செய்த பிழை. நாமோ பந்தியில் மட்டுமா பிரித்தோம்? கோவில் இருக்கையில் பிரித்தோம், தேர்ப் பவனியில் பிரித்தோம், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பினோம். தலித் கிறிஸ்தவர்கள் இதைத் தட்டிக் கேட்டபோது, அவர்களைக் கலகக்காரர் என்றோம், தாழ்ச்சி இல்லாதவர் என்றோம். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அம்மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்டது. அன்று கலகக்காரர் எனப்பட்டவர்கள் சொன்னதே உண்மை என்றாயிற்று. பவுலின் குரலைத் திருச்சபை எத்தனை தலைமுறைகளாகக் கேட்க மறுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. மேலாளரைத் திருத்தும் கடமை கீழ்ப்பட்டவருக்கும் உண்டு, ஆனால் அதை மரியாதையோடும் கனிவோடும் செய்ய வேண்டும் என்று புனித தோமா அக்குவினார் எழுதியுள்ளார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 212ஆம் எண், திருச்சபையின் நன்மையைப் பற்றித் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமை இறைமக்களுக்கு உண்டு, சில வேளைகளில் அது கடமையும் ஆகும் என்கிறது. 537ஆம் எண் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் எண். இவற்றைக் குருமடத்தில் நாம் படித்துத் தேர்வும் எழுதினோம். பங்குக்கு வந்தபின் எத்தனை பேர் மக்களுக்கு எடுத்துச் சொன்னோம்?

"இப்படியெல்லாம் இடம் கொடுத்தால் குருத்துவத்தின் மதிப்பு என்னாவது?" என்று நம் சகோதரக் குருக்கள் சிலர் கேட்பார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதற்குத் தம் செயலால் விடை சொல்லிச் சென்றிருக்கிறார். 2018 சனவரியில் சிலி நாட்டுக்குச் சென்றபோது, பாலியல் கொடுமையை மூடி மறைத்ததாக ஓர் ஆயர்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டை அவர் அவதூறு என்றார். பாதிக்கப்பட்டோர் மனம் வெதும்பினர். கர்தினால் ஒருவரே அச்சொற்கள் வேதனை தந்ததை வெளிப்படையாகக் கூறினார். திருத்தந்தை கர்தினாலைக் கடியவில்லை. உண்மையை அறியப் பேராயர் ஒருவரை அனுப்பினார். ஏப்ரல் மாதத்தில், நிலைமையைக் கணிப்பதில் தாம் பெருந்தவறுகள் இழைத்ததாகச் சிலி ஆயர்களுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டோரை உரோமைக்கு வரவழைத்துத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார். பேதுருவின் இருக்கையில் அமர்ந்தவர் குனிந்ததால் அந்த இருக்கை தாழ்ந்துபோகவில்லை. அப்படியிருக்க, ஒரு பங்குத்தந்தையின் நாற்காலிக்கு என்ன வந்துவிடும்?

இனி பங்கு மக்களிடம் ஒரு வார்த்தை. குருக்களைக் கண்டித்துவிட்டு உங்களை விட்டுவிடுவோம் என்று எண்ணாதீர்கள். நேரில் வந்து சொல்லத் துணியாமல் ஆயருக்கு மொட்டைக் கடிதம் போடுவது திருத்தம் ஆகாது. தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒருவரது பெயரைக் கிழிப்பதும் திருத்தம் ஆகாது. முதலில் தனியே, பின்னர் ஒருவர் இருவரோடு, அதன்பின்னரே திருச்சபையிடம் என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் வரிசை காட்டியிருக்கிறார். வாசற்கதவு அடைபட்டிருக்கும் இடத்தில்தான் மொட்டைக் கடிதம் பிறக்கிறது என்பது உண்மை. கதவை அடைத்த பாவம் நம்முடையது. ஆனால் தட்டிப் பார்க்காமலே கல் எறிந்த பாவம் உங்களுடையது. சிறியவர்களுக்குத் தீங்கு நேரும் இடத்தில் மட்டும் இந்த வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கே மௌனமே குற்றம். உடனே ஆயரிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள்.

மேலும், குருவிடம் கணக்குக் கேட்கும் தந்தை, தன் குடியைப் பற்றி மனைவி கேட்டால் கை ஓங்குவது ஏன்? பங்குப் பேரவையில் நீதி பேசும் பெரியவர், மகள் எதிர்த்துக் கேட்டால் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பேச்சு" என்பது ஏன்? வீட்டுக்குள் நீங்களும் ஒரு சிறு பீடம் கட்டி ஏறி நிற்கிறீர்கள். ஆசாவின் சிறை அரண்மனையில் மட்டும் இல்லை.

ஆகவே இத்தவக்காலத்தில் மாமிசத்தை விடுவதோடு இன்னொன்றும் செய்வோம். பங்குத்தந்தையர் நிதிக்குழுவைக் கூட்டி ஆண்டுக் கணக்கைக் கோவிலில் வாசிப்போம். நம் குறையைச் சொல்லக்கூடிய ஒருவரை நாமே தேடிச் சென்று, "என்னிடம் திருந்த வேண்டியது என்ன?" என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை மறுமொழி கூறாதிருப்போம். குடும்பத் தலைவர்களும் தம் வீட்டில் இதையே செய்யட்டும்.

அந்த உபதேசியார் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரது அடக்கத்துக்கு நாம் வேறு பங்கிலிருந்து சென்று, கல்லறை வரை நடந்தோம். அதன்பின் நாம் பணியாற்றிய பங்குகளில் எத்தனையோ பேர் நம்மைப் புகழ்ந்தார்கள், சால்வை போர்த்தினார்கள். "சாமி, ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டு வாசலில் நின்றவர்கள் மிகச் சிலரே. அக்குரல் நம் பங்குகளில் மீண்டும் கேட்கட்டும். கேட்கும்போது, "உம்முடைய வேலையைப் பாரும்" என்று சொல்லாதிருக்கும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.