கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை நீக்கினால் மறதி போய்விடுமா?

“அப்பா அடிக்கடி மறந்துபோறார். டாப்ளர் ஸ்கேன்ல கழுத்து ரத்தக்குழாய்ல 70% அடைப்புன்னு வந்திருக்கு. ஸ்டென்ட் வெச்சா சரியாகிடுமா?” வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு எழும் நியாயமான கேள்விதான். ஆனால், பதில்: அதற்கு உத்தரவாதம் இல்லை.

அடைப்பு என்ன செய்யும்?

உடல் எடையில் மூளை சுமார் 2% தான். ஆனால், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20% அதற்கே போகிறது. மூளைக்கான ரத்தத்தில் பெரும்பகுதியைக் கொண்டுசெல்பவை, கழுத்தின் இருபுறமும் உள்ள கரோட்டிட் ரத்தக்குழாய்கள். அங்கே கொழுப்பு படிந்தால் ரத்த ஓட்டம் குறையலாம். படிவிலிருந்து துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆனாலும், ஒரு பக்கம் சுருங்கினால் மறுபக்கத்து ரத்தம் மாற்றுப்பாதையில் வந்து ஈடுகட்டுவதும் உண்டு. எனவே, அடைப்பு இருக்கும் எல்லோருக்கும் மறதிக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சிகிச்சை எதற்கு?

படிவை அறுவை சிகிச்சையில் அகற்றுவது, ஸ்டென்ட் வைப்பது என இரண்டு வழிகள். இரண்டின் நோக்கமும் பக்கவாதத்தைத் தடுப்பதுதான். 1991இல் வெளியான ‘நாசெட்’ ஆய்வில், ஏற்கெனவே பக்கவாத அறிகுறி கண்டு, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களுக்கு, அதே பக்கத்தில் 2 ஆண்டுகளில் பக்கவாதம் வரும் ஆபத்து மருந்து மட்டும் எடுத்தால் 26%; அறுவை சிகிச்சையும் செய்தால் 9%.

ஞாபகசக்தி?

இங்கேதான் படம் குழம்புகிறது. சிலருக்கு முன்னேற்றம், பலருக்கு மாற்றமில்லை, சிலருக்குச் சரிவு. சிகிச்சையின்போதே நுண்துணுக்குகள் மூளைக்குப் போகலாம். 2010இல் வெளியான ‘ஐ.சி.எஸ்.எஸ்.’ எம்.ஆர்.ஐ. ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களில் 50 சதவீதத்தினருக்கும் அறுவை சிகிச்சை செய்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் மூளையில் புதிய சிறு பாதிப்புகள் தெரிந்தன. பெரும்பாலும் வெளியே அறிகுறி இல்லை. இன்னொன்று: ஒரே ஞாபகத் தேர்வை இரண்டாம் முறை எழுதினால் பழக்கத்தாலேயே மார்க் கூடும். அதை சிகிச்சையின் பலன் என்று நினைத்துவிடக் கூடாது.

என்ன கேட்கலாம்?

மறதிக்கு பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு எனப் பல காரணங்கள் உண்டு. முதலில் அவற்றைப் பாருங்கள். பிறகு டாக்டரிடம் கேளுங்கள்: பக்கவாத அறிகுறி வந்திருக்கிறதா? மருந்து மட்டும் போதுமா? இங்கே இந்தச் சிகிச்சையில் சிக்கல் எத்தனை பேருக்கு வருகிறது?

பக்கவாதத்தைத் தடுக்க என்றால், தயங்காமல் பரிசீலியுங்கள். மறதியைப் போக்க மட்டும் என்றால், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.