வசூலுக்குப் பணிந்த வீறாப்பு

2024 மே மாதம் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் பழைய ஏட்டைத் திருத்தியது. கறுப்பர்களின் தனி லீக்குகளில் எடுத்த புள்ளிகளையும் பிரதான லீக் கணக்கில் சேர்த்தது. நல்ல காரியந்தான். ஆனால் தனி லீக் ஏன் ஏற்பட்டது?

ஓஹையோ மாநிலத்து டொலீடோ நகரக் குழு, 1883-ல் இரண்டாந்தர லீக் ஒன்றில் ஆடி முதலிடம் பெற்றது. விக்கெட் கீப்பரைப் போல் அதற்குப் பந்து பிடித்தவர் வாக்கர் என்ற கறுப்பர். ஆகஸ்டு 10-ந் தேதி பேர் பெற்ற சிகாகோ குழு அங்கு வந்தது. கறுப்பர் இறங்கினால் ஆட முடியாது என்றார் அதன் தலைவர் ஆன்சன். கைவலியால் ஓய்விலிருந்த வாக்கரை, டொலீடோ நிர்வாகி மார்ட்டன் வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். ஆடாவிட்டால் வசூலில் பங்கில்லை! ஆன்சன் ஆடினார்.

1887-ல் சர்வதேச லீக் கூடியது. கறுப்பர்களுக்குப் புது ஒப்பந்தம் இல்லையென்று பெரும்பான்மை வாக்கால் தீர்மானித்தது. மற்ற லீக்குகளிலும் கதவுகள் மூடின. பிரதான லீக்கின் கதவை ஜாக்கி ராபின்சன் திறந்தது 1947-ல்.

உறுதியாக நின்ற ஒருவரிடம் நிறவெறி ஒரு மாலையில் தோற்றது. பலர் பணிந்ததும் அறுபது ஆண்டு ஆண்டது. ஏட்டைத் திருத்தலாம், ஆடாமற்போன ஆட்டங்களை எந்த ஏட்டில் எழுதுவது?