திரை காட்டுவதெல்லாம் இன்றைய உண்மையா?



அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பு நாளில் நான் தலைகுனிய நேர்ந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயாரிடம், "கணிதத்தில் உங்கள் மகள் இன்னும் 2-ஆம் அடைவுநிலையில்தான் இருக்கிறாள், அம்மா" என்றேன். அருகில் நின்ற சிறுமி கண்கலங்கினாள். "சார், பின்னக் கணக்கெல்லாம் சரியாகச் செய்தேன் என்று நீங்கள்தானே 4 போட்டீர்கள்?" என்றாள்.

அவள் சொன்னதே உண்மை. முதல் நாள் இரவே விரிதாளில் 2 என்பதை 4 என மாற்றியிருந்தேன். ஆயினும், அதன் அடுத்த பக்கத்தில் இருந்த தொகுப்பு அட்டவணை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அவ்வகை அட்டவணை மூலத் தரவின் படி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 'புதுப்பி' என்று நாம் கட்டளையிடும்வரை பெரும்பாலும் அப்படியையே காட்டும். இதனை நான் அறிந்திருக்கவில்லை.

கணினி அறிஞர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. 1979-இல், அமெரிக்காவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது, நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் இதற்கொரு வழி வகுத்தார். தரவு, அதனைக் காட்டும் தோற்றம், பயனரின் கட்டளையை ஏற்கும் கட்டுப்பாடு என நிரலை மூன்றாகப் பகுத்தார். தரவு ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். அது மாறியதும், அதனைக் கவனித்திருக்கும் தோற்றங்கள் அனைத்திற்கும் செய்தி போகும். அவை தம்மைத் திருத்திக்கொள்ளும். 1994-இல் நால்வர் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற மென்பொருள் வடிவமைப்பு நூலும், தான் தொகுத்த 23 முறைகளுள் ஒன்றாக இக்கவனிப்பு முறையை விளக்கியது.

பள்ளி மணியை எண்ணிப் பாருங்கள். மணி ஒருமுறை அடித்தால் எல்லா வகுப்புகளும் அறியும். மணி இல்லையேல், ஒவ்வோர் ஆசிரியரும் அடிக்கடி அலுவலகத்திற்கு ஓடிக் கடிகாரம் பார்க்க வேண்டும். அடிக்கடி ஓடினால் பாடம் கெடும். ஓடாவிட்டால் நேரம் தவறும். திரைக்கும் இதே நிலைதான்.

எல்லாம் உடனுக்குடன் மாறினால் கணினி மந்தமாகும், படித்துக்கொண்டிருக்கும் எண் கண்முன்னே மாறிக் குழப்பும் என்பர் சிலர். இதனை நான் மறுக்கவில்லை. ஆனால், பழைய தரவைக் காட்டும் திரை, 'இது பழையது' என்று சொல்லியாக வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த நாளையும் நேரத்தையும் காட்டாத மென்பொருளைப் பள்ளிக்குள் அனுமதிக்கலாகாது என்பதே என் கருத்து.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னர் இதன் தேவை கூடியிருக்கிறது. வகுப்பறை மதிப்பீட்டின் 6 அடைவுநிலைகள் ஒருமுறை எழுதி மூடிவைக்கும் எண்கள் அல்ல. பிள்ளை வளர வளர அவையும் மாறும்.

ஆசிரியர்களே, பெற்றோரைச் சந்திக்கும் முன் அட்டவணையைப் புதுப்பியுங்கள். ஓரிரு பெயர்களை மூலத் தரவோடு ஒப்பிட்டும் பாருங்கள். பெற்றோர்களே, திரையில் உள்ள எண்ணைப் பிள்ளை மறுத்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். பயிற்சி நூலைக் காட்டுமாறு எங்களைக் கேளுங்கள்.

அன்று நான் அச்சிறுமியிடமும் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சார்" என்றாள் அவள். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.