டாக்டர் மகளுக்கு எதற்கு இட ஒதுக்கீடு?

"அப்பா டாக்டர், மகளும் டாக்டர். இவர்களுக்கெல்லாம் எதற்கு இட ஒதுக்கீடு?" விடுதி அறையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத தலித் மாணவர் அரிது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உள் ஒதுக்கீட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர், பட்டியல் சாதியினரிலும் 'கிரீமிலேயர்' பிரித்து விலக்க வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார்கள். அதன்பிறகு இந்தக் கேள்விக்குக் கூடுதல் தெம்பு வந்திருக்கிறது. பதிலாக ஒரு டாக்டர் மகளின் கதையையே சொல்கிறோம்.

ஜேன் குக் ரைட், 1919இல் நியூயார்க்கில் பிறந்த கருப்பினப் பெண். அவருடைய தாத்தா அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை ஒழிந்தபின் கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரியில் படித்தார். அப்பா லூயிஸ் ரைட், 1915இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். வெள்ளைப் பெண்களுக்குக் கருப்பர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று அங்கே பயிற்சியிலிருந்து அவரை ஒதுக்கப் பார்த்தார்கள். எதிர்த்து நின்றுதான் அந்த உரிமையைப் பெற்றார். கருப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் இயக்குநர் குழுத் தலைவராக 1934 முதல் சாகும்வரை இருந்தவரும் அவரே. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதிய டுபாய்ஸ், அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

இந்த வீட்டுப் பெண் முழு உதவித்தொகையுடன் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் படித்து 1945இல் பட்டம் பெற்றார். 1949இல் ஹார்லெம் மருத்துவமனையில் அப்பா தொடங்கியிருந்த புற்றுநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அன்று புற்றுநோய்க்கு மருத்துவர்கள் நம்பியது அறுவை சிகிச்சையையும் கதிர்வீச்சையும்தான். மருந்து என்பது எல்லாம் கைவிட்ட பிறகு செய்து பார்ப்பது. 1951இல் ஜேன் ரைட்டின் குழு, மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் மார்பகப் புற்றுக் கட்டிகளும் சுருங்கும் என்று காட்டியது. நோயாளியின் கட்டியிலிருந்தே திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து அதில் வேலை செய்கிறது என்று பார்க்கும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார்.

1952இல் அப்பா இறந்ததும் மையத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1964இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தை நிறுவிய எழுவரில் அவர் ஒருவரே பெண். 1967இல் தான் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகவும் துணை முதல்வராகவும் திரும்பினார்.

இதில் எங்கே இருக்கிறது 'தனிமனிதத் தகுதி'? அவருடைய உழைப்பும் அறிவும் அவருடையவைதான். ஆனால் தாத்தாவுக்கு ஒரு கல்லூரி, அப்பாவுக்கு ஒரு போராட்டம், மகளுக்கு ஓர் உதவித்தொகை, ஓர் ஆய்வகம் என மூன்று தலைமுறை தேவைப்பட்டது. முதல் தலைமுறை உள்ளே நுழைகிறது. ஆய்வு செய்யும் வசதியும் துணிச்சலும் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குத்தான் வாய்க்கிறது. ஆதிக்க சாதி வீடுகளில் இதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர். நம் வீடுகளில் நடந்தால் 'அனுபவித்தது போதும்' என்கிறார்கள்.

அப்பாவின் பட்டம் மகளின் சாதியை அழித்துவிடுவதும் இல்லை. எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டை 2007இல் தோரட் குழு ஆவணப்படுத்தியது. ஒதுக்குகிறவர்கள் யாருடைய வருமானச் சான்றிதழையும் கேட்டுவிட்டு ஒதுக்குவதில்லை.

இன்னும் ஒரு படிகூட ஏறாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பது உண்மை. அவர்களுக்கு உள் ஒதுக்கீடும், பள்ளி முதல் ஆதரவும் வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பேராசிரியர் பணியிடங்களில் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று எழுதி ஒதுக்கீட்டு இடங்களைக் காலியாக வைக்கும் நாடு இது. அந்த இடங்களுக்குத் தயாராகி வரும் இரண்டாம் தலைமுறையையும் வெளியே தள்ளிவிட்டால், காலியிடம் ஏழைத் தலித்துக்குப் போகாது. காலியாகவே கிடக்கும்.

அடுத்த முறை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றாதீர்கள் தோழர்களே. ஜேன் ரைட்டின் மருந்து ஆய்வால் பயனடைந்த நோயாளிகள் எல்லா நிறத்திலும் இருந்தார்கள் என்று சொல்லுங்கள்.