கனியினால் அறிவோம்

தியான வேதபகுதி: மத்தேயு 7:15-20



நம் சமையலறையிலுள்ள கொத்துமல்லியும் சீரகமும், ஏரிக்கரையில் தானாய் முளைக்கும் வல்லாரையும் காரட் குடும்பத்துச் செடிகள். சாக்ரடீஸின் உயிரைப் பறித்த ஹெம்லாக் நஞ்சும் அதே குடும்பமே. 19-ஆம் நூற்றாண்டில் காக்கேசிய மலைநாட்டிலிருந்து அழகுக்காக ஐரோப்பியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ராட்சத ஹாக்வீடும் அவ்வாறே. அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், தீக்காயம்போல் கொப்புளிக்கும்.

மாங்காட்டின் காலிமனைகளில் மண்டும் பார்த்தீனியத்தின் இலையோ காரட் இலையை ஒத்திருக்கிறது; ஆனால் அது சூரியகாந்தியின் குடும்பம். குடும்பமும் வெளித்தோற்றமும் ஒரு செடியின் குணத்தை அறிவிப்பதில்லை.

மனிதரை மட்டும் நாம் ஏன் அவ்விதமாய் நிதானிக்கிறோம்? ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம், பிள்ளைகளுக்கு வரன் தேடுகையில் முதலாவது சாதியை விசாரிக்கிறோம். "அந்தக் குடும்பமா?" என்று முகம் சுளிக்கிறோம். ஆண்டவரோ கனியைப் பார்க்கவே கற்பித்தார்.

சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் வழக்கத்தை நம் திருச்சபை விட்டொழிக்க வேண்டும். அடுத்த வரன் வரும்போது, அவர் ஜெபிக்கிறவரா, உண்மையுள்ளவரா, இரக்கமுள்ளவரா என்று விசாரியுங்கள். அதற்குமேல் கேட்க நமக்கு என்ன இருக்கிறது?

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.